வாங்க வேண்டியது ஒரே ஒரு கண்ணாடி: கடல் படங்களுக்கான என்டி பில்டர்

பட்டர்வொர்த்திலிருந்து வாசகர் ஒருவர் எழுதியிருப்பதன் சுருக்கம் இது. கடல்நீர் பட்டுத்துணி விரித்ததுபோல் தெரியும் படங்களைப் பார்த்து ஆசைப்பட்டு, திருகத் திருகக் கருமை கூடும் என்டி பில்டர் (லென்ஸின்முன் மாட்டி ஒளியைக் குறைத்து, படம் எடுக்கும் நேரத்தை நீட்டும் கருங்கண்ணாடி) ஒன்றை இணையத்தில் 180 ரிங்கிட்டுக்கு வாங்கி, விடியற்காலையில், கடல்நீருக்குமேல் மரத்தூண்களில் நிற்கும் குடியிருப்பான ஜார்ஜ்டவுன் சியூ ஜெட்டிக்குப் போயிருக்கிறார். தண்ணீர் நினைத்தபடியே வந்தது. ஆனால் படம் முழுவதும் ஊதா நிறம் படர்ந்திருந்தது. வானத்தின் குறுக்கே பெருக்கல் குறிபோல ஒரு கரிய தடம் விழுந்திருந்தது. அசையாத மரத்தூண்கள்கூடக் கலங்கித் தெரிந்தன. 900 ரிங்கிட் மதிப்புள்ள சதுர பில்டர் செட் ஒன்றை வாங்கினால் மூன்று குறையும் தீர்ந்துவிடும் என்று கடைக்காரர் ஒருவர் சொல்கிறாராம். வாங்கலாமா என்று கேட்கிறார்.

வாங்க வேண்டாம். நீங்கள் சொன்ன மூன்று குறைகளில் இரண்டு மட்டுமே பில்டரால் வந்தவை. மூன்றாவதை எவ்வளவு விலை உயர்ந்த பில்டரும் தீர்க்காது. அதைச் சொல்லாமல் 900 ரிங்கிட்டுக்கு ஒருவர் பொருளை நீட்டுகிறார் என்றால், அவர் உங்கள் படங்களைச் சரியாகப் பார்க்கவில்லை என்றே கொள்ள வேண்டும்.

முதலில் அந்தப் பெருக்கல் குறி. திருகும் வகை பில்டர் என்பது ஒளியை ஒரு திசையில் மட்டும் விடும் இரண்டு தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துச் செய்தது. ஒன்றைத் திருப்பத் திருப்ப இரண்டும் ஒன்றையொன்று மறித்துக் கருமை கூடும். ஓர் அளவுக்குமேல் திருகினால், அதிலும் அகலக் கோண லென்ஸில், இந்த மறிப்பு எல்லா இடத்திலும் சமமாக இருக்காது. நடுவிலிருந்து நான்கு மூலைகளுக்கும் கருமை ஓடும். இது உங்கள் கைப்பிழை அன்று, உங்களுக்கு வந்த ஒரு துண்டின் பழுதும் அன்று. அந்த அமைப்பின் இயல்பே அதுதான். ஒளியை இத்தனை மடங்கு குறைக்கும் என்ற பொருளில் பெட்டியின்மேல் ‘2 முதல் 400 வரை’ என்று அச்சிடுகிறவர்களுக்கு, அந்த 400-ஐ எட்டுவதற்கு வெகு முன்பே படம் கெட்டுவிடும் என்பது நன்றாகத் தெரியும். தெரிந்தும் அச்சிடுகிறார்கள், தடுப்பாரில்லை.

அப்படியானால் அதைத் தூக்கி எறிந்துவிடுவதா என்றால், ஒரு வேலைக்கு அது உண்மையாகவே உதவும் என்பதால் வைத்துக்கொள்ளுங்கள். அந்த வேலை வீடியோ. விநாடிக்கு 25 படங்கள் எடுக்கும் வீடியோவில் அசைவு இயல்பாகத் தெரிய ஷட்டர் 1/50 விநாடியில் நிற்க வேண்டும். நம் ஊர் வெயிலில் லென்ஸின் துளையை ஓரளவு திறந்து வைத்தால், அந்த வேகத்தில் காட்சி வெளுத்துப்போகும். தைப்பூசத்துக்கு முந்தைய நாள் வெள்ளித் தேர் வருவதை எண்ணிப் பாருங்கள். ஒரு கணம் தேர் கட்டட நிழலில் இருக்கும், மறுகணம் வெயிலுக்கு வரும், அதற்குள் தேங்காய் உடைக்கத் தொடங்கிவிடுவார்கள். அங்கே பில்டரைக் கழற்றி மாற்றிக்கொண்டிருக்க நேரமில்லை, திருகத்தான் நேரமிருக்கிறது. 50 மி.மீ. அல்லது அதற்குமேல் உள்ள லென்ஸில், திருகலின் முதல் பாதிக்குள் நின்றுகொண்டால் அந்தக் கரிய தடமும் வராது. அப்போதும் நீல வானம் சட்டத்தில் நிறைய இருந்தால் ஒரு பக்கம் அடர்ந்தும் மறுபக்கம் வெளிறியும் தெரியக்கூடும். ஆகவே வானத்தைக் குறைத்துத் தேரையும் மக்களையும் நிறைத்து எடுங்கள். இந்த ஒரு வேலைக்கு அது தகும். ஜெட்டிக்கு அதைக் கொண்டுபோக வேண்டாம்.

இரண்டாவது, ஊதா நிறம். மலிவான கருங்கண்ணாடி, கண்ணுக்குத் தெரியும் ஒளியை மறித்துவிட்டு, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைத் தாராளமாக உள்ளே விடும். சாதாரணமாக எடுக்கும்போது கேமராவுக்கு எட்டும் அகச்சிவப்பு மிகச் சிறிது. மற்ற ஒளி அறுபதில் ஒன்றாகக் குறைந்து, அகச்சிவப்பு மட்டும் குறையாமல் வந்தால், அது ஊதாவாகவும் செம்பழுப்பாகவும் படத்தில் ஏறிவிடும். படம் முழுக்க ஒரே சீராக ஏறிய நிறத்தை, ரா கோப்பாக (கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பாக) எடுத்திருந்தால் பிறகு வெள்ளைச் சமநிலை என்னும் நிற அமைப்பில் திருத்திவிடலாம். அகச்சிவப்பால் வந்ததோ ஒவ்வொரு பொருளிலும் ஒவ்வொரு அளவில் ஏறுவதால் முழுமையாகத் திருத்த முடியாது.

பல ஆண்டுகளுக்கு முன்பு நானும் இதில் ஏமாந்தேன். கடைக்குள்ளேயே பில்டரைப் பூட்டி, சுவரைப் படமெடுத்துப் பார்த்துத் திருப்தியோடு வாங்கினேன்; வெளியே வந்ததும் எல்லாம் செம்பழுப்பு. எல்இடி விளக்கில் அகச்சிவப்பு ஏறக்குறைய இல்லை என்பதால் கடைக்குள் செய்யும் சோதனையில் இந்தக் குறை ஒருபோதும் வெளிப்படாது. எனவே எந்தக் கடையானாலும் அதன் முகப்பிலுள்ள ஐந்தடி நடைபாதைக்கு வெளியே வெயிலுக்கு வந்து சோதியுங்கள். கறுப்பு நைலான் பை அல்லது செயற்கை இழைச் சட்டை ஒன்றைப் பில்டர் இல்லாமல் ஒருமுறையும் பில்டரோடு ஒருமுறையும் எடுங்கள். கறுப்பு மரூனாக மாறினால் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள். வெளியே எடுத்துப்போக விடமாட்டேன் என்கிற கடையில் வாங்காதீர்கள். பல இணைய விற்பனைகளிலோ இந்தச் சோதனைக்கே வழியில்லை: பெட்டியைப் பிரித்தால் திரும்ப வாங்கமாட்டார்கள், பிரிக்காமல் குறை தெரியாது. வாங்குபவரை இப்படிக் கட்டிப்போடும் விதியை யார் எதற்காக வகுத்தார்கள் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இனி என்ன வாங்குவது? திருகாத, வட்டமான, ஆறு ஸ்டாப் கண்ணாடி ஒன்று. ஒரு ஸ்டாப் என்றால் ஒளி பாதியாகிறது, எடுக்கும் நேரம் இரட்டிப்பாகிறது. ஆறு ஸ்டாப் என்றால் நேரம் 64 மடங்கு. இதே கண்ணாடியை ஒரு நிறுவனம் ‘என்டி 64’ என்றும், இன்னொன்று ‘1.8’ என்றும், மற்றொன்று ‘6 ஸ்டாப்’ என்றும் எழுதும். இந்தக் குழப்பத்தில்தான் இடைத்தரகர் பிழைக்கிறார். ‘3.0’ என்று அச்சிட்ட கண்ணாடியை மூன்று ஸ்டாப் என்று சொல்லி விற்றதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அது பத்து ஸ்டாப், ஆயிரம் மடங்கு. மூன்று ஸ்டாப் கண்ணாடியில் ‘0.9’ அல்லது ‘என்டி 8’ என்றுதான் இருக்கும். இத்தனை ஆண்டுகளாகியும் எல்லோரும் ஒரே முறையில் எழுத முடியாதா?

எல்லோரும் ஆயிரம் மடங்குக் கண்ணாடியை வாங்கச் சொல்வார்கள், எண் பெரிதாக இருப்பதால். நண்பகல் வெயிலில் அது பயன்படும். ஆனால் நீங்கள் போவது விடியலில். ஒளியுணர்திறன் ஐஎஸ்ஓ 100, லென்ஸ் துளை எஃப் 11-இல் பில்டர் இல்லாமல் 1/4 விநாடி என்று கேமரா சொன்னால், ஆறு ஸ்டாப்பில் அது 16 விநாடி. பத்து ஸ்டாப்பில் நான்கு நிமிடத்துக்குமேல். நீண்ட நேரப் படத்துக்கான இரைச்சல் குறைப்பை (படத்தில் விழும் புள்ளிகளை நீக்கும் வசதியை) கேமராவில் போட்டிருந்தால், எடுத்த நேரத்துக்குச் சமமான நேரம் அது மறுபடியும் காத்திருக்கும். நிலநடுக்கோட்டுக்கு அருகில் உள்ள பினாங்கில் விடியல் வெளிச்சம் சுமார் 20 நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. அதில் எட்டரை நிமிடத்தை ஒரே படத்துக்குக் கொடுத்துவிட்டால் மிச்சம் என்ன? போதாததற்குப் பல கேமராக்கள் 30 விநாடிக்குமேல் தாமாக எடுக்க மறுக்கும்; பொத்தானை அழுத்தியிருக்கும்வரை எடுக்கும் பல்ப் நிலைக்கு மாற்றி, தனி ரிமோட் வாங்க வேண்டும்.

பில்டரை உங்களிடம் உள்ள பெரிய லென்ஸின் அளவுக்கு வாங்கிக்கொண்டு, சிறிய லென்ஸுக்கு இணைப்பு வளையம் போட்டுக்கொள்ளுங்கள். பயிற்சிப் பட்டறை நடத்துகிறவரே மாணவருக்குப் பில்டர் செட் விற்கும் இடத்தில் பாடத்தை மட்டும் கேட்டுவிட்டு வாருங்கள். அங்கே பரிந்துரைக்கும் விற்பனைக்கும் இடையில் சுவர் இல்லை.

மூன்றாவது குறையான தூண்களின் கலங்கலுக்குக் காரணம் உங்கள் காலடியில் இருக்கிறது. சியூ ஜெட்டியில் நடைபாதை நீருக்குமேல் தூண்கள் தாங்கும் பலகை. யாராவது நடந்தாலோ மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனாலோ பலகை அதிரும், அதன்மேல் நிற்கும் முக்காலியும் அதிரும். அது மக்கள் குடியிருக்கும் இடம்; விடியலில் வேலைக்குப் புறப்படுகிறவர்களை நிற்கச் சொல்ல நமக்கு உரிமையில்லை. முக்காலியைத் தூண் தாங்கும் இடத்துக்கு நேர்மேலே வையுங்கள், நடுக்கம்பியை உயர்த்தாதீர்கள், லென்ஸின் நடுக்கத் தடுப்பை அணைத்துவிடுங்கள், ஆள் வந்தால் காத்திருந்து எடுங்கள். கட்டியிருக்கும் படகுகள் கலங்குவது வேறு. அலையில் அவை ஆடத்தான் செய்யும். பில்டர் இல்லாமல் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டு படகை மட்டும் அதிலிருந்து பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

பில்டர் மாட்டும் முன்பே குவியத்தைச் சரிசெய்து, தானியங்கிக் குவியத்தை அணைத்துவிடுங்கள். மாட்டிய பிறகு அந்த இருட்டில் கேமரா குவியம் தேடித் தடுமாறும். சூரியன் பட்டர்வொர்த் பக்கம் எழுந்த பிறகு, கேமராவில் கண்ணை வைத்துப் பார்க்கும் ஒளியியல் காட்சித் துளை வழியே அதை நேராகப் பார்க்காதீர்கள். சூரியனைப் பார்ப்பதற்கென்று செய்த பில்டர் ஒளியை ஏறக்குறைய ஒரு லட்சத்தில் ஒன்றாகக் குறைக்கிறது. உங்கள் கையில் இருக்கப்போவது அறுபத்துநான்கில் ஒன்றாக மட்டுமே குறைக்கும். புறப்படும் முன் கடல் ஏற்ற நேரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். நீர் வற்றிய வேளையில் போனால் ஜெட்டியின் கீழே சேறுதான் இருக்கும்.