வயட் யார்? – வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பிராண்டன் ஹாப்சனின் 'தி ரிமூவ்ட்' நாவலைப் படித்து முடித்தேன். அமெரிக்காவின் ஒக்லஹோமாவில் ஒரு செரோக்கி பழங்குடிக் குடும்பம். மகன் ரே-ரேயை போலீஸ்காரர் சுட்டுக் கொன்று 15 ஆண்டுகள் ஆகின்றன. அப்போது, கொஞ்ச நாள் வைத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்லி வயட் என்ற பையனை அனுப்புகிறார்கள். அவன் அப்படியே ரே-ரே மாதிரி இருக்கிறான். அவன் வந்ததும் அப்பா எர்னஸ்டின் மறதி நோய்கூடத் தெளிகிறது. வயட் ரே-ரேயின் ஆவியா, இல்லையா? இதை மாய யதார்த்தம், அதாவது அன்றாட வாழ்வோடு மாயத்தையும் இயல்பாகக் கலந்து சொல்லும் வகை, என்று வைத்துக்கொள்ளலாமா? நடுவில் ட்ஸாலா என்பவர் பேசும் பகுதிகள் கதையோடு ஒட்டாததுபோல் தோன்றியதால் தாண்டிவிட்டேன்.

எஸ்.

அன்புள்ள எஸ்,

தாண்டிய பகுதிகளை முதலில் எடுத்துப் படியுங்கள். அவற்றை மட்டும் தனியாக, வரிசையாகப் படித்தால் நல்லது. ட்ஸாலா இறந்துபோனவர், தன் மகனிடம் பேசுகிறார். 1838இல் ஊரைவிட்டு விரட்டப்படுவதை எதிர்த்து, படைவீரர்களைக் கொன்றதாகச் சுட்டுக் கொல்லப்பட்ட சாலி என்ற செரோக்கியரின் வரலாறு இந்தப் பாத்திரத்துக்குப் பின்னால் நிற்கிறது. அமெரிக்க அதிபர் ஆண்ட்ரூ ஜாக்சன் 1830இல் கையெழுத்திட்ட பழங்குடி வெளியேற்றச் சட்டத்தின்படி சுமார் 16,000 செரோக்கியர் மேற்கே விரட்டப்பட்டார்கள். ஏறத்தாழ 4,000 பேர் இறந்ததாகப் பொதுவாகச் சொல்வார்கள். ரே-ரேயின் சாவை இதிலிருந்து பிரித்துப் படித்தால் பாதி நாவல் கைநழுவிப் போகும்.

செரோக்கி மரபில் இறந்தவர்களின் நாடும் மேற்கில்தான் இருக்கிறது. சூரியன் மறையும் பக்கம், இருளும் நிலம். அரசாங்கம் உயிரோடிருந்த மக்களை அந்தத் திசையில்தான் ஓட்டியது. இது எனக்கு இன்றும் தாங்க முடியாத விஷயம்.

இனவியலாளர் ஜேம்ஸ் மூனி தொகுத்து 1900இல் வெளியான செரோக்கி கதைகளில் ஒன்று உங்கள் கேள்விக்கு நேராக வருகிறது. சூரியன் அங்கே பெண். பாம்பு கடித்து அவள் மகள் இறந்துவிடுகிறாள். தாய் துக்கத்தில் கதவடைத்துக்கொள்ள, உலகம் இருண்டுபோகிறது. மகளை மீட்டு வர ஏழு ஆண்கள் மேற்கே போகிறார்கள். ஆளுக்கொரு கையகல நீளக் குச்சி, கூட ஒரு பெட்டி. ஆவிகள் வட்டமாக ஆடிக்கொண்டிருக்கின்றன. அவள் சுற்றி வரும்போது ஒவ்வொருவராகக் குச்சியால் தட்டுகிறார்கள். ஏழாவது சுற்றில் விழுகிறாள். பெட்டியில் வைத்து மூடுகிறார்கள். வீடு சேரும்வரை இம்மியும் திறக்கக் கூடாது என்பது கட்டளை. வழியில் அவள் உயிர்த்து, பசிக்கிறது என்கிறாள், தாகம் என்கிறாள். யாரும் அசையவில்லை. ஊர் நெருங்கும்போது மூச்சு முட்டுகிறது என்கிறாள். பயந்துபோய் மூடியைக் கொஞ்சம் தூக்குகிறார்கள். ஏதோ படபடவென்று பறந்து புதருக்குள் போகிறது: ஒரு சிவப்புக் குருவி. வீட்டில் பார்த்தால் பெட்டி காலி. அன்றிலிருந்து இறந்தவரைத் திரும்பக் கொண்டுவர முடியாமல் போயிற்று என்று கதை முடிக்கிறது.

வயட் சில நாள் விருந்தாளி. அந்த நாட்களில் வீடு வெளிச்சமாகிறது. நீங்கள் கேட்பது மூடியைத் தூக்கும் கேள்வி. அதனால்தான் ஹாப்சன் பதில் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். ரே-ரேயின் அம்மா மரியா மகனாகவே அவனைப் பார்க்கவும் செய்கிறாள், அவன் வேறு பிள்ளை என்று அறிந்தும் இருக்கிறாள். துக்கம் உள்ள வீட்டில் இரண்டும் ஒன்றாக இருக்கும்.

மாய யதார்த்தம் என்ற பெயர் ரே-ரேயின் தம்பி எட்கர் வரும் பகுதிகளில்தான் அதிகம் குழப்பும். எட்கர் போதைக்கு அடிமை என்பதால் அவன் போய்ச் சேரும் ஊரைப் போதை மயக்கம் என்று ஒதுக்கிவிடுவோம். அப்படி ஒதுக்கினால், அங்கே அவனுக்கு இடம் கொடுப்பவன் பெயர் ஜாக்சன் ஆண்ட்ரூஸ் என்பது கண்ணில் படாது. பெயரைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். உயிரோடிருக்கும் ஒருவன் அந்த இருளும் நிலத்துக்குள் நடந்து போய்விட்டான், அவன் திரும்பி வர வேண்டும் என்று படித்தால்தான் அந்தப் பகுதிகளின் பதற்றம் புரியும்.

தேதியையும் கவனியுங்கள். குடும்பம் தீ மூட்டிக் கூடுவது செப்டம்பர் 6. விரட்டப்பட்ட செரோக்கியர் 1839இல் தங்கள் அரசியல் சாசனத்தில் கையெழுத்திட்ட நாள் அது. ரே-ரே இறந்த நாளும் அதுவே. கொண்டாட்டமும் திதியும் ஒரே நெருப்பைச் சுற்றி. இரண்டாம் முறை படிக்கும்போது, அந்த நாளுக்கு இன்னும் எத்தனை நாள் என்று ஒவ்வொரு பகுதியிலும் பார்த்துக்கொண்டே போங்கள்.