திரையில் நகரும் புள்ளிக்கு 85 ஆயிரமா?

கேள்வி: பைக் விபத்தில் வீட்டுக்காரருக்குத் தலையில் அடி. ஆறு மாதமாகியும் நின்றால் இடப்பக்கம் சாய்கிறார். பயோஃபீட்பேக் பலகை வாங்கினால் மூன்றே மாதத்தில் நடப்பார் என்கிறார் விற்பனையாளர். 85 ஆயிரம். நகையை அடகு வைக்கலாமா? (வாசகி, கோத்தகிரி)

பதில்: வைக்காதீர்கள் அம்மா. அந்தப் பலகைக்குள் இருப்பவை எடை உணரும் சென்சார்கள். உடல் பாரம் எந்தப் பக்கம் விழுகிறது என்பதைத் திரையில் ஒரு புள்ளியாகக் காட்டும். சாய்ந்து நிற்பது பலருக்குத் தெரிவதே இல்லை. புள்ளியைப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். முறை நல்ல முறைதான். என் ஆத்திரமெல்லாம் 'மூன்றே மாதம்' என்ற பேச்சின் மேல். பக்கவாதம் வந்தவர்களிடம் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2004-இல் கோக்ரேன் என்ற மருத்துவ ஆய்வுத் தொகுப்பு அமைப்பு அறிக்கை வெளியிட்டது. இரு காலிலும் பாரத்தைச் சமமாக ஊன்றுவது மேம்பட்டது. அசைந்து வேலை செய்யும்போதுள்ள சமநிலையில் அந்தப் பலன் தெரியவில்லை. வாசற்படியிலும் மழையில் வழுக்கும் சரிவிலும் நிற்கத் தனியாகப் பழக வேண்டும். அதைப் பழக்குபவர் பிசியோதெரபிஸ்ட். என் அண்ணனுக்கு நானும் இப்படி ஒன்று வாங்கினேன். திரையில் மதிப்பெண் ஏறிக்கொண்டே போனது. அதை நம்பிக் குளியலறைக்குத் தனியே விட்டோம், விழுந்தார். இன்றும் உறுத்துகிறது. முதலில் ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டுங்கள். அவ்வளவு தூரம் அழைத்துப்போக முடியாவிட்டால், 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே பிசியோதெரபி உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

கேள்வி: நிண்டெண்டோ வீ (Wii) வீடியோ கேமுக்கான பேலன்ஸ் பலகை, பழையது, 2,500 ரூபாய்க்கு வாங்கினேன். டிவியில் எப்படி இணைப்பது? (குன்னூர்)

பதில்: நேராக இணையாது. வீ விளையாட்டுப் பெட்டி வேண்டும். காசு கொடுக்கும் முன் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

கேள்வி: அப்பாவுக்காக 40 ஆயிரம் கட்டி இதே மாதிரி பலகையை ஆன்லைனில் வாங்கினோம். இரண்டாம் மாதமே, சந்தா கட்டு என்று மென்பொருளைப் பூட்டிவிட்டார்கள். போன் எடுப்பதில்லை. நிறுவனம் டெல்லியில். (கூடலூர்)

பதில்: உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. சந்தா பற்றி விற்கும்போதே சொல்லியிருக்க வேண்டும். விளம்பரம், ரசீது, வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகாரைப் பதியுங்கள். அசையவில்லை என்றால் நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். டெல்லிக்கு அலைய வேண்டாம். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணமும் கிடையாது. வழக்குப் போட இரண்டு ஆண்டு கெடு, தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: தோட்ட லைன் வீடு. தம்பியும் இப்படித்தான் சாய்ந்து நிற்கிறான். மெஷின் வாங்க வழியில்லை. (வால்பாறைச் சொந்தம், இப்போது குன்னூர் பக்கம்)

பதில்: முள் காட்டும் எடை மெஷின், ஒரே மாதிரி இரண்டு. சமதளத்தில் அருகருகே வைத்து, காலுக்கு ஒன்றாக நிற்கட்டும். இரண்டு முள்ளும் ஒரே எண்ணை நெருங்க வேண்டும். பிசியோதெரபிஸ்ட் சரி என்ற பிறகு மட்டும். பிடித்துக்கொள்ள ஜன்னல் கம்பி முன்னால், நீங்கள் பின்னால்.