வம்ச அட்டவணையில் பெயர் இல்லாதவர்கள்

அன்புள்ள அண்ணனுக்கு, ஸ்தோத்திரம்.

எங்கள் சபைக்கு அடுத்த வருடம் நூற்றாண்டு. மலர் போடுகிறார்கள். ஒவ்வொரு குடும்பமும் ஐந்து தலைமுறை விவரம் எழுதித் தர வேண்டும் என்று ஒரு படிவம் கொடுத்தார்கள். என் அப்பா விடுதியில் வளர்ந்தவர். மூன்று வயதில் யாரோ கொண்டுவந்து விட்டதாக அங்கே எழுதி வைத்திருந்தார்களாம். அதற்கு முன்னால் எதுவும் தெரியாது. தச்சு வேலை பார்த்தார். எங்கள் ஆலயத்துப் பெஞ்சுகளில் பாதி அவர் கை பட்டவை. அவர் போய் நான்கு வருடம் ஆகிறது. படிவத்தில் அவர் பெயருக்கு மேலே எல்லாக் கட்டமும் காலி. கொண்டுபோய்க் கொடுத்தபோது, “தாத்தா பேராவது விசாரிச்சிட்டு வாங்கம்மா” என்றார்கள். கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் பக்கத்தில் நின்றவர்கள் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அதே வாரம் என் வேத வாசிப்பில் நெகேமியா 7ஆம் அதிகாரம் வந்தது. இன்னாரின் புத்திரர் இத்தனை பேர் என்று போய்க்கொண்டே இருக்கிறது. பாதியில் மூடிவிட்டேன். இந்தப் பட்டியல்கள் என்னைப் போன்றவர்களுக்கு என்ன சொல்கின்றன?

பெயர் வேண்டாம்.

அன்புள்ள தங்கைக்கு,

கடிதத்தை இரண்டு நாள் மேசையிலேயே வைத்திருந்தேன். பாதியில் மூடிவிட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். 61ஆம் வசனம் வரை போயிருந்தால் மூடியிருக்க மாட்டீர்கள். அந்த வசனம் உங்களைப் போன்றவர்களைப் பற்றியதுதான்.

இதே பட்டியல் எஸ்றா 2ஆம் அதிகாரத்திலும் இருக்கிறது. கி.மு. 586இல் எருசலேம் எரிந்தது, ஜனங்கள் பாபிலோனுக்குப் போனார்கள். 538இல் பெர்சிய ராஜா கோரேஸ், போகிறவர்கள் போகலாம் என்றான். அப்படித் திரும்பி வந்தவர்களின் கணக்கு இது. சுமார் 90 வருடம் கழித்து நெகேமியா எருசலேமின் அலங்கத்தை, அதாவது பட்டணத்து மதிலை, கட்டி முடிக்கிறார். பட்டணம் விசாலமாக இருக்கிறது, உள்ளே ஜனம் கொஞ்சம், வீடுகள் கட்டப்படவில்லை. அப்போதுதான் இந்தப் பழைய புஸ்தகத்தைத் தேடி எடுக்கிறார். காணி யாருக்கு, ஆசாரியர்களின் பங்கு யாருக்கு என்பதெல்லாம் இந்த வம்ச வரிசையைப் பொறுத்தது. அதனால் இதை வெறும் குலப்பெருமை என்று தள்ளிவிட முடியாது. பத்திரம் மாதிரி, ரேஷன் கார்டு மாதிரி.

எங்கள் வீட்டில் சாயங்கால ஜெபத்தில் ஆளுக்கொரு வசனம் சுற்றி வரும். பட்டியல் வந்தாலும் அப்பா தாண்டவிட மாட்டார். ‘பக்பூக்கின் புத்திரர்’ என்று வந்ததும் தம்பி சிரித்துவிடுவான், அம்மா தொடையில் கிள்ளுவாள். வெகுநாள் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன், எபிரெயுவில் பக்பூக் என்றால் குடுவை. ஆகாப் என்றால் வெட்டுக்கிளி. பட்டியலில் முதலாவது வருகிற குடும்பம் பாரோஷ், 2,172 பேர். பாரோஷ் என்றால் தெள்ளுப்பூச்சி! அவருக்கு முன்னால் யார் என்று அங்கே ஒரு வார்த்தை கிடையாது. அந்தக் குடும்பத்துக்கு அந்த ஒரு பெயரே ஆரம்பம்.

கூட்டத்தை நடத்தி வந்த செருபாபேலையே எடுத்துக்கொள்ளுங்கள். எஸ்றா அவரை செயல்த்தியேலின் குமாரன் என்கிறது. 1 நாளாகமம் 3:19 பெதாயாவின் குமாரன் என்கிறது. பிள்ளையில்லாமல் இறந்த சகோதரனுக்கு வம்சம் எழுப்புகிற வழக்கத்தால் இருக்கலாம் என்று விளக்கம் சொல்கிறார்கள், இருக்கட்டும். நான் பார்ப்பது இதுதான்: தலைவருடைய படிவத்திலேயே தகப்பன் கட்டத்தில் இரண்டு பெயர் நிற்கிறது. அதற்காக அவர் ஆலயத்துக்கு அஸ்திபாரம் போடுவதை யாரும் தடுக்கவில்லை.

சரி, இப்போது நீங்கள் மூடிவிட்ட இடத்துக்கு வருகிறேன். தெல்மெலாகு, தெல்அர்சா என்ற ஊர்களிலிருந்து ஒரு கூட்டம் வருகிறது. தெல் என்றால் இடிந்துபோன பழைய ஊரின் மேடு. தெல்மெலாகு என்பது உப்பு மேடு. பாபிலோனியர் பிடித்துக்கொண்டு போனவர்களை இப்படிப் பாழாய்க் கிடந்த மேடுகளில் குடியேற்றினார்கள். அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளிடம் தாத்தா பெயரைக் கேட்டால் எதைக் காட்டுவார்கள்? தெலாயா, தொபியா, நெகோதா ஆகிய மூன்று குடும்பத்தாரும் தாங்கள் இஸ்ரவேலர்தான் என்று காட்ட முடியாமல் நின்றார்கள் என்று வேதம் ஒளிக்காமல் சொல்கிறது. சொல்லிவிட்டு, மற்றக் குடும்பங்களுக்குப் போட்ட மாதிரியே தொகையும் போடுகிறது: எஸ்றாவில் 652, நெகேமியாவில் 642.

பட்டியல் எழுதியவர் அந்த வரியை விட்டிருக்கலாம். ஆதாரம் இல்லாதவர்களை எழுதாமல் விடுவதுதான் எந்த எழுத்தருக்கும் சுலபம். அவர் எழுதினார். அவர்களும் பாபிலோனிலேயே தங்கிவிடவில்லை, மற்றவர்களோடு அத்தனை தூரம் நடந்து வந்தார்கள்.

இன்னொரு கணக்கும் உண்டு. எஸ்றாவில் தனித்தனியாகச் சொன்ன எண்களைக் கூட்டினால் 29,818 வரும். ஆனால் முடிவில் சபையார் எல்லாரும் 42,360 என்று இருக்கிறது. பெண்களைச் சேர்த்ததால் என்கிறார்கள் சிலர், படியெடுத்தவர்கள் வரிகளை விட்டுவிட்டார்கள் என்கிறார்கள் சிலர். எப்படிப் பார்த்தாலும் 12,000 பேருக்கு மேல் எந்தக் குடும்ப வரியிலும் இல்லை, ஆனாலும் மொத்தத்தில் இருக்கிறார்கள். ஜெபத்தில் இதை நினைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருக்கிறேன்.

இதற்கு ஒரு கசப்பான பக்கமும் இருக்கிறது, அதை உங்களிடம் மறைப்பது சரியல்ல. அதே எஸ்றா புஸ்தகத்தின் 10ஆம் அதிகாரத்தில் வேறொரு பட்டியல் வருகிறது. அந்நிய ஜாதிப் பெண்களைக் கட்டியிருந்த ஆண்களின் பட்டியல். அந்தப் பெண்களில் ஒருத்தியின் பெயர்கூட அதில் இல்லை. அந்த அதிகாரத்தை என்னால் இன்றும் மனம் வலிக்காமல் வாசிக்க முடிவதில்லை. வம்சத்தைக் காப்பது வேறு, வம்சத்தை வைத்து ஆளை வெளியே நிறுத்துவது வேறு. அந்தக் கமிட்டியின் முன்னால் நீங்கள் நின்ற நிமிஷத்தில் உங்களுக்கு வலித்ததும் இதுதான் என்று நினைக்கிறேன்.

ஆசாரியர்களிலும் மூன்று குடும்பத்தாருக்கு அட்டவணை கிடைக்கவில்லை. ஒன்று பர்சிலாய் குடும்பம். அப்சலோமுக்குத் தப்பி ஓடிய தாவீதுக்குச் சாப்பாடும் படுக்கையும் கொண்டுவந்த 80 வயதுக் கிழவர் பர்சிலாய் நினைவிருக்கிறதா? அவர் வம்சத்துப் பெண்ணைக் கட்டிய ஒரு ஆசாரியன் அந்தப் பெயரையே தன் வீட்டுப் பெயராக வைத்துக்கொண்டான். எவ்வளவு நல்ல பெயர்! ஆனாலும் அட்டவணையில் தேடினார்கள், காணோம். இன்னொன்று கோசின் குடும்பம். ஊரீம் தும்மீம், அதாவது கர்த்தருடைய முடிவை அறிய ஆசாரியர் வைத்திருந்தவை, உள்ள ஒரு ஆசாரியன் எழும்பும்வரை மகா பரிசுத்தமானதில், அதாவது ஆசாரியர்களுக்கே உரிய காணிக்கை உணவில், இவர்கள் புசிக்கக் கூடாது என்று அதிபதி சொல்லிவிட்டான். ‘எழும்பும்வரை’ என்ற அந்த வார்த்தையைக் கொஞ்சம் கவனியுங்கள். கதவை அடைத்துப் பூட்டவில்லை. முடிவைக் கர்த்தருக்கு விட்டுவைத்தான்.

அப்புறம் பல வருடம் இவர்களைப் பற்றிப் பேச்சில்லை. நெகேமியா 3ஆம் அதிகாரத்தில், அலங்கம் கட்டியவர்களின் வரிசையில், 4ஆம் வசனத்தில் ஒரு பெயர் வருகிறது: கோசின் குமாரனாகிய உரியாவின் மகன் மெரெமோத். அந்தக் கோசின் குடும்பத்தான்தான் என்று வேத அறிஞர்கள் பலரும் கொள்கிறார்கள். உரியாவின் மகன் மெரெமோத்தை ஏற்கெனவே எஸ்றா 8:33இலும் பார்க்கிறோம். பாபிலோனிலிருந்து ஆசாரியரான எஸ்றா கொண்டுவந்த வெள்ளியும் பொன்னும் தேவாலயத்தில் நிறுத்துக் கொடுக்கப்படுவது அவர் கையில். 650 தாலந்து வெள்ளி. ஒருகாலத்தில் சாப்பிடக் கூடாது என்று விலக்கிய குடும்பத்து ஆளிடம் கருவூலத்தையே நம்பி ஒப்படைக்கிறார்கள்.

நெகேமியா 3இல் மெரெமோத் தன் பங்கை முடித்துவிட்டு இன்னொரு பங்கையும் எடுத்துக் கட்டுகிறார், 21ஆம் வசனம். எந்த இடம் தெரியுமா? எலியாசிபின் வீட்டு வாசலிலிருந்து அந்த வீடு முடிகிற இடம் வரை. எலியாசிப் பிரதான ஆசாரியர். கல்லும் சுண்ணாம்பும் கையுமாக மெரெமோத் அந்த வாசலில் நிற்பதை நினைத்துப் பாருங்கள்.

உங்கள் அப்பா செய்த பெஞ்சுகளைப் பற்றி நீங்கள் ஒரே வரிதான் எழுதியிருந்தீர்கள். நான் அதைப் பல தடவை வாசித்தேன்.

படிவத்தை அப்படியே திரும்பக் கொடுங்கள் தங்கச்சி. மேலே உள்ள கட்டங்களை அடிக்க வேண்டாம், எதையாவது விசாரித்து நிரப்பவும் வேண்டாம், காலியாகவே இருக்கட்டும். அப்பா பெயருக்கு நேரே, மூன்று வயதில் எந்த விடுதிக்கு வந்தார், எந்த வருடம் உங்கள் சபையில் சேர்ந்தார், எத்தனை பெஞ்சு செய்தார் என்று எழுதுங்கள். எண்ணிக்கை தெரியாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கொஞ்சம் நின்று எண்ணிவிடுங்கள். கமிட்டியார் மறுபடியும் தாத்தா பெயரைக் கேட்டால், எஸ்றா 2:59ஐத் திறந்து அவர்களையே சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். மலர் வந்ததும் அந்தப் பக்கத்தை எனக்கு அனுப்புங்கள்.

அன்புடன்,
அண்ணன்