டுடோரியலில் தப்பு இருந்தால் புதியவர் திருத்தலாமா?

கேள்வி: குடியாத்தத்தில் பி.சி.ஏ. இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஓப்பன் சோர்ஸ் பங்களிப்பைப் புதியவர்களுக்குச் சொல்லித்தரும் டுடோரியல் ஒன்றைப் பார்த்துச் செய்தேன். கோடில் செய்யும் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் ‘கிட்’ மென்பொருளில், அவற்றைத் தளத்துக்கு ஏற்றும் ‘கிட் புஷ் ஆரிஜின் மாஸ்டர்’ என்ற வரிக்கு எரர் வருகிறது; கோடை வைத்திருக்கும் தளமான கிட்ஹப் என் பாஸ்வேர்டையும் ஏற்கவில்லை. டுடோரியலையே திருத்தி அனுப்ப ஆசை. நானே புதுசு, அனுப்பலாமா?

பதில்: தாராளமாக அனுப்புங்கள். எங்கே கால் இடறும் என்பது பழகியவர் கண்ணில் படாது.

பாஸ்வேர்டு விஷயம் சுலபம். 2021 ஆகஸ்ட் 13 முதல், கட்டளை அடிக்கும் டெர்மினலில் கிட்ஹப் கணக்கின் பாஸ்வேர்டு செல்லாது. அதற்குப் பதில் கிட்ஹபில் உருவாக்கும் டோக்கனோ (ரகசியக் குறியீடு), கணினியில் வைத்திருக்கும் எஸ்எஸ்எச் கீயோ (டிஜிட்டல் சாவி) வேண்டும். அந்தப் பத்தியை மட்டும் மாற்றுங்கள்.

மாஸ்டரில்தான் வில்லங்கம். 2020 அக்டோபர் முதல் கிட்ஹபில் புதிதாகத் தொடங்கும் ரெப்போக்களில் (கோடு இருக்கும் களஞ்சியங்களில்) முதன்மை பிராஞ்சின், அதாவது முதன்மைக் கிளையின், பெயர் ‘மெயின்’. அதற்காக மாஸ்டர் என்று வரும் இடத்தையெல்லாம் ஒரே அடியாக மாற்றிவிடாதீர்கள். வேலூருக்குப் புது பஸ் ஸ்டாண்டு வந்ததால் பழைய பஸ் ஸ்டாண்டு இல்லாமல் போய்விடவில்லையே! பழைய ரெப்போக்கள் பலவற்றில் இன்னும் மாஸ்டர்தான்.

சொல்லப்போனால், அந்த வரியில் பெயரைவிடப் பெரிய தப்பு வேறு. பங்களிப்பவர் ஃபோர்க் (தன் கணக்கில் ரெப்போவின் நகல்) எடுத்து, தனி பிராஞ்ச் போட்டு, அதைத்தான் புஷ் செய்ய வேண்டும். ‘ஆரிஜின்’ (இங்கே உங்கள் ஃபோர்க்கைக் குறிக்கும் பெயர்) என்பதற்குப் பின் உங்கள் பிராஞ்சின் பெயரை எழுதிவிட்டால் மாஸ்டரா மெயினா என்ற பேச்சே எழாது.

இன்னொன்றையும் பாருங்கள். மாற்றத்தை ஒரு குறிப்போடு பதியும் கமிட் கட்டளையில், அந்தச் செய்தியைச் சுற்றியுள்ள மேற்கோள் குறிகள் வளைந்தவையா, நேரானவையா? வேர்டு போன்ற செயலிகள் அவற்றை அழகுக்காக வளைத்துவிடும். காப்பி அடித்து ஒட்டினால், கட்டளையைப் படித்து இயக்கும் ஷெல் அதை மேற்கோளாகவே எடுக்காது. செய்தியின் இரண்டாவது சொல்லை கிட் ஒரு ஃபைல் பெயர் என்று நினைத்து, அப்படி ஒன்று இல்லை என்று எரர் காட்டும். புதியவர் தன் மேல்தான் தப்பு என்று நினைத்துக்கொள்வார்.

திருத்திய பிறகு, காலி ஃபோல்டரில் முதல் வரியிலிருந்து நீங்களே செய்து பாருங்கள். முடிந்தால் கிட் தெரியாத ஜூனியர் ஒருவரை உட்கார வைத்து, வாய் திறக்காமல் பக்கத்தில் இருங்கள். ஒரு புல் ரிக்வெஸ்டில் (திருத்தத்தைச் சேர்த்துக்கொள்ளக் கேட்கும் வேண்டுகோள்) ஒரு திருத்தம் போதும். கிட் வெர்ஷனையும் எரர் செய்தியையும் முழுசாகச் சேருங்கள்.

அனுப்பும் முன் அதே திருத்தத்தை வேறு யாராவது கொடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். பழைய ரிக்வெஸ்ட்கள் வருடக்கணக்கில் பதிலில்லாமல் கிடந்தால் காத்திருக்க வேண்டாம். லைசென்ஸ் இடம் கொடுத்தால், உங்கள் ஃபோர்க்கிலேயே திருத்தி, அந்த லிங்க்கை ஜூனியர்களுக்குக் கொடுத்துவிடுங்கள்.