மைக்ரோவேவில் தயிர்: கேள்வி பதில்

பால் பதனிடும் ஆலையில் தயிர்ப் பிரிவில் வேலை பார்க்கிறேன். எங்கள் வீட்டில் மைக்ரோவேவில்தான் பாலைக் காய்ச்சி, அதற்குள்ளேயே உறைய வைக்கிறோம். தெரிந்தவரை பதில் சொல்கிறேன். அதற்கு முன் ஒன்று: தயிர் உள்ளே உறைந்துகொண்டிருக்கும்போது பிளக்கைப் பிடுங்கி வையுங்கள். யாராவது காபி சுட வைக்க வந்து பட்டனை அழுத்திவிட்டால் உறை முழுவதும் செத்துவிடும்.

மதுரை: எட்டு மணி நேரமும் ஓடிக்கிட்டே இருக்கணுமா சார்? கரண்ட் பில் என்னாகுறது?

இல்லை அம்மா. அந்தப் பெட்டிக்கு இதில் இரண்டு வேலை. ஓடும்போது பாலைக் காய்ச்சும். நிறுத்திய பிறகு, சூடு சீக்கிரம் போகாத கதகதப்பான பெட்டியாக இருக்கும்.

அரை லிட்டர் பாலை, இரண்டு லிட்டர் கொள்ளும் கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றி மூடாமல் வையுங்கள். சின்னக் கிண்ணம் என்றால் பொங்கி வழியும். நிமிடத்துக்கு ஒரு முறை நிறுத்தி அடிவரை கலக்குங்கள், ஏனென்றால் மைக்ரோவேவ் சீராகச் சுடாது. ஒரு பக்கம் கொதிக்கும்போது இன்னொரு பக்கம் வெதுவெதுவென்றுதான் இருக்கும். ஓரத்தில் சின்னக் குமிழ்கள் கட்டி ஆவி பறந்தால் 85 டிகிரி செல்சியஸை நெருங்கிவிட்டது என்று அர்த்தம்.

பாக்கெட் பால் பாஸ்டரைஸ் செய்ததுதானே, எதற்குக் காய்ச்ச வேண்டும் என்று பலர் கேட்பார்கள். இது கிருமிக்காக மட்டும் செய்வதல்ல. 80 டிகிரிக்கு மேல் பால் சில நிமிடம் நின்றால், அதிலுள்ள வே புரதம் (பால் திரிந்தால் பிரியும் தண்ணீரில் இருப்பது) உருமாறி, கட்டியாகிற கேசின் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். அந்தப் பிணைப்புதான் தயிருக்குள் தண்ணீரைப் பிடித்து வைக்கிறது. தயிர் கெட்டியாகுமா, நீர்க்குமா என்பது பெரும்பாலும் இங்கேயே முடிவாகிவிடும்.

பிறகு ஆற விடுங்கள். சுத்தமாகக் கழுவிய விரலை விட்டுப் பத்து எண்ணும்வரை சிரமமில்லாமல் வைத்திருக்க முடிந்தால் 43 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும். ஒரு டீஸ்பூன் தயிரைக் கரைத்து ஊற்றிக் கலக்குங்கள். கிண்ணத்தை மூடி உள்ளே வைத்து, பக்கத்தில் ஒரு டம்ளர் கொதித்த தண்ணீர் வைத்துக் கதவைச் சாத்துங்கள். பிளக்கைப் பிடுங்குங்கள். சென்னையில் மே மாதம் நான்கு மணி நேரம் போதும். ஊட்டியில் ஏழெட்டு ஆகும்.

சேலம்: எத்தனை நிமிஷம்னு ஒரே நம்பரா சொல்லுங்க.

ஒரே நம்பர் கிடையாது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த அரை லிட்டர் பால் 5 டிகிரியிலிருந்து 85க்குப் போக சுமார் 156 கிலோஜூல் வெப்பம் வேண்டும். 800 வாட் அடுப்பு முழுவதையும் பாலுக்கே கொடுத்தால் மூன்றேகால் நிமிடம். வீணாவதையும் சேர்த்து நான்கிலிருந்து ஐந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். நிமிடத்தைவிட ஓரத்துக் குமிழை நம்புங்கள்.

டொராண்டோ: இங்க விண்டர்ல பத்து மணித்தியாலம் வைச்சும் பால் பாலாத்தான் கிடக்கு அண்ணா.

உங்கள் டப்பாவில் உயிருள்ள நுண்ணுயிர் இருப்பதாக எழுதியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள் தங்கச்சி. தயிரான பிறகு மறுபடி சூடாக்கி அடைத்த வகைகளில் உறைய வைக்க ஒன்றும் மிஞ்சாது. உறை சரியானது என்றால் கோளாறு குளிரில்தான். சுடுதண்ணீர் டம்ளரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள். கிண்ணத்தைத் துவாலையால் சுற்றி வையுங்கள். உறைந்துவிட்டதா என்று பார்க்கக் கிண்ணத்தை ஆட்டாதீர்கள், கட்டிக்கொண்டு வரும் தயிர் உடைந்து தண்ணீர் விடும்.

திருச்சி: ஸ்டீல் பாத்திரம் வைக்கலாமா?

உறைய வைக்கும்போது வைக்கலாம், ஓடும்போது கூடாது. அதனால்தான் பிளக்கைப் பிடுங்கச் சொல்கிறேன்.

விருதுநகர்: 1 லிட்டருக்கு எத்தனை நிமிஷம்?

சேலத்துக்காரருக்குச் சொன்னதில் இரண்டு மடங்கு. குமிழைப் பாருங்கள்.

நாகர்கோவில்: தயிர் நூல் நூலா இழுக்குது. கெட்டுப் போச்சா?

நாற்றமோ நிறமாற்றமோ இல்லையென்றால் கெடவில்லை. சில பாக்டீரியா வகைகள் வளரும்போது பசை போன்ற சர்க்கரைச் சங்கிலிகளை உண்டாக்கும், கரண்டியில் தூக்கினால் வழுவழுவென்று இழுப்பது அதுதான். வெதுவெதுப்பு குறைந்து நெடுநேரம் கிடந்தால் இவை முந்திக்கொள்ளும். அந்தத் தயிரை மோராக்கிவிட்டு, வேறு வீட்டிலிருந்து உறை வாங்கி 43 டிகிரியில் வையுங்கள்.

வேலூர்: அம்மாவுக்கு சுகர். ராத்திரி இந்தத் தயிர் சாப்பிடலாமா?

அம்மாவைப் பார்க்கும் மருத்துவரிடம் கேளுங்கள். இது என் துறை இல்லை.

டல்லாஸ்: உறை கிடைக்கலை. பச்சை மிளகாய்க் காம்பு போட்டா உறையுமே?

உறையும். காம்பின் மேல் லாக்டிக் அமில பாக்டீரியா இருக்கும். ஆனால் அதோடு வேறு என்னென்ன இருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. முதல் தடவை உறைவதைச் சாப்பிடாதீர்கள், அதில் ஒரு ஸ்பூன் எடுத்து அடுத்த பாலுக்கு உறையாக ஊற்றுங்கள். குழந்தைகள், கர்ப்பிணிகள் இருக்கும் வீட்டில் இந்த வழியே வேண்டாம். சர்க்கரையும் வாசனையும் சேர்க்காத தயிர் ஒரு சின்னக் கப் வாங்கினால் வேலை முடிந்தது.

தஞ்சாவூர்: எங்க பாட்டி காலமெல்லாம் காம்பு போட்டுத்தான் தயிர் தோய்ச்சாங்க. சாப்பிடாதேன்னு சொல்றது கம்பெனிக்காரங்க பேச்சு.

பாட்டியின் கைப்பக்குவத்தை நான் குறை சொல்லவில்லை ஐயா. ஆனால் அவர் தினமும் காம்பா போட்டார்? உறை தீர்ந்துபோன அன்றைக்குத்தான் போட்டிருப்பார். மறுநாளிலிருந்து முந்தைய நாள் தயிரே உறை. அப்படி நாள்தோறும் மாற்றி ஊற்றும்போது, புளிப்பையும் பாலின் சூட்டையும் தாங்குகிற வகைகள் பெருகி மற்றவை ஒடுங்கிவிடும். அவர் தயிரின் ருசி அந்தத் தொடர்ச்சியில் வந்தது. அதனால்தான் முதல் தடவையை உறைக்கு மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

கோயம்புத்தூர்: பாக்டீரியாவும் இல்ல ஒண்ணும் இல்ல. காம்புல அமிலம் இருக்கு, அது பாலைத் திரிக்குது. அவ்வளவுதான்.

அமிலம்தான் காரணம் என்றால் எலுமிச்சை பிழிந்ததுபோல் கொஞ்ச நேரத்திலேயே திரிந்துவிட வேண்டும். காம்பு போட்டால் ராத்திரி முழுக்க ஆகிறதே? அது பாக்டீரியா பெருகும் நேரம். அவை பாலிலுள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலம் விடும், புளிப்பு மெல்ல ஏறும். புளிப்பு ஏற ஏற இறங்கும் பி.எச். அளவு 4.6ஐ நெருங்கும்போது கேசின் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு கட்டியாகும். மெதுவாக நடப்பதால்தான் தயிர் ஒரே பாளமாக நிற்கிறது. சூடான பாலில் எலுமிச்சை பிழிந்தால் கிடைப்பது பன்னீர்.

யோகர்ட் என்று விற்பதில் வேலை செய்பவை முக்கியமாக இரண்டு: ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸ், லாக்டோபாசில்லஸ் பல்காரிகஸ். இரண்டாவதை 1905இல் பல்கேரியரான ஸ்டாமென் கிரிகோரோவ் தன் நாட்டுத் தயிரை ஆராய்ந்து கண்டுபிடித்தார். முதலாவது வேகமாகப் பெருகி ஃபார்மிக் அமிலம் தரும், அது இரண்டாவதை வளர்க்கும். இரண்டாவது புரதத்தை உடைத்து முதலாவதற்கு உணவு தரும். சேர்ந்து இருக்கும்போது இரண்டும் தனித்தனியாக வளர்வதைவிட வேகமாக வளரும். எனக்கு இந்த வேலை பிடித்துப்போனதே இதைப் படித்த பிறகுதான்.

தஞ்சாவூர்: அப்போ பாட்டி சொன்னது சரின்னு ஒத்துக்கறீங்களா?

உறையும் என்று சொன்னது சரி. முதல் தடவையைக் குழந்தைக்குக் கொடுக்காதீர்கள் என்று நான் சொல்வதும் சரி.

ஓசூர்: புளிய இலை போட்டா?

உறையலாம். டல்லாஸுக்குச் சொன்னதைப் படியுங்கள்.

சென்னை: என் கன்வெக்ஷன் மாடல்ல தயிருக்குத் தனி பட்டன் இருக்கு. நம்பலாமா?

நம்பலாம், 40 டிகிரியை ஒட்டிப் பிடித்து வைக்கும். அது ஓட வேண்டியது என்பதால் உங்களுக்கு மட்டும் பிளக் இருக்கட்டும். எந்தப் பாத்திரம் வைக்கலாம் என்று அதன் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஈரோடு: எந்தப் பால் நல்லா வரும்?

டோன்டு பாலில் கொழுப்பு 3 சதவீதம், ஃபுல் கிரீமில் 6. ஃபுல் கிரீமில் வழவழப்பு கூடும். டோன்டுதான் வேண்டும் என்றால் லிட்டருக்கு இரண்டு டேபிள்ஸ்பூன் பால் பவுடரைக் காய்ச்சும் முன்பே கரைத்துவிடுங்கள்.

தேனி: என்னுது 700 வாட். எத்தனை நிமிஷம்?

குமிழ் வரும்வரை.

சிங்கப்பூர்: ஒரு மாசம் ஊருக்குப் போறோம். உறை செத்துப் போயிடுமே?

புதிதாக உறைந்த தயிரை ஐஸ் டிரேயில் ஊற்றி ஃப்ரீசரில் வையுங்கள். உறைகுளிரில் கொஞ்சம் செத்தாலும் போதுமான அளவு பிழைத்திருக்கும். திரும்பி வந்ததும் அரை லிட்டருக்கு இரண்டு கட்டி எடுத்து, நன்றாக உருகிய பிறகு கலக்குங்கள். முதல் நாள் இரண்டு மணி நேரம் கூடுதலாக ஆகும், மறுநாள் பழைய வேகத்துக்கு வந்துவிடும்.