ஊதா வளையத்துக்கு லென்ஸை மாற்ற வேண்டுமா?

கேள்வி: 80 மி.மீ. விட்டமும் 500 மி.மீ. குவியத் தொலைவும் கொண்ட அக்ரோமேட் லென்ஸ் ஒன்றை வாங்கி, பி.வி.சி. குழாயில் பொருத்தி, நானே தொலைநோக்கி செய்திருக்கிறேன். விண்மீன்களைப் பின்தொடர்ந்து திரும்பும் மோட்டார் உள்ள மவுன்ட்டில் (தாங்கியில்) வைத்து, பழைய டி.எஸ்.எல்.ஆர். கேமராவை இணைத்துப் படம் எடுத்தால், பிரகாசமான விண்மீன்களைச் சுற்றி ஊதா வளையம் வருகிறது. படத்தின் மூலைகளில் விண்மீன்கள் நீண்டு தெரிகின்றன. லென்ஸை விற்றவர், நிறங்களைக் குறைவாகப் பிரிக்கும் கண்ணாடியாலான ஈ.டி. லென்ஸுக்கு மாறினால் இரண்டும் சரியாகிவிடும் என்கிறார். அதன் விலை என் இரண்டு மாதச் சம்பளம். வாங்கலாமா? (வாசகர், திண்டுக்கல்)

இப்போது வாங்க வேண்டாம். நீங்கள் எழுதியிருக்கும் இரண்டு குறைகளும் வெவ்வேறு காரணங்களால் வருபவை. நல்ல ஈ.டி. லென்ஸ் அவற்றில் ஒன்றைக் குறைக்கும்; மற்றதை அது தொடக்கூடச் செய்யாது. லென்ஸ் விற்பவருக்கு இது தெரியாமல் இருக்க வாய்ப்பில்லை.

முதலில் ஊதா வளையம். அக்ரோமேட் என்பது கிரவுன், பிளின்ட் என்ற இருவகைக் கண்ணாடிகளாலான இரட்டை லென்ஸ். அது சிவப்பையும் நீலத்தையும் ஏறத்தாழ ஒரே இடத்தில் குவிக்கிறது. ஊதாவோ சற்றுத் தள்ளிப் போய்க் குவிகிறது. இந்தக் குறை கண்ணை உறுத்தாமல் இருக்க வேண்டுமானால், 80 மி.மீ. லென்ஸுக்குக் குவியத் தொலைவு 750 மி.மீ. ஆவது இருக்க வேண்டும் என்பது பழைய கணக்கு. கறாரான கணக்கின்படி 1,250 மி.மீ. உங்களுடையது 500. மேலும் இவை கண்ணால் பார்ப்பவர்களுக்காகப் போடப்பட்ட கணக்குகள். இரவில் நம் கண் பொருட்படுத்தாத ஊதாவை, நீண்ட நேரம் திறந்திருக்கும் கேமரா விடாமல் சேர்த்துவைக்கிறது. ஆகவே உங்கள் லென்ஸ் பழுதானதல்ல, அதன் இயல்பே அதுதான். எட்டாம் எண் வெளிர் மஞ்சள் வடிகட்டி ஒன்றைக் கேமராவுக்கு முன்னால் பொருத்தினால் வளையத்தின் பெரும்பகுதி மறையும். படத்தில் ஏறும் மஞ்சள் சாயலைக் கணினியில் திருத்திக்கொள்ளலாம்.

மூலைகளின் கதை வேறு. இவ்வகை லென்ஸ் உருவாக்கும் பிம்பம் தட்டையான பரப்பில் விழுவதில்லை. கிண்ணத்தின் உட்புறம்போல் வளைந்த பரப்பில் விழுகிறது. கேமராவின் சென்சாரோ தட்டையானது. உங்கள் அளவுகளை வைத்துப் பார்த்தால், டி.எஸ்.எல்.ஆர்.களில் பரவலாக உள்ள ஏ.பி.எஸ்.சி. அளவு சென்சாரின் மூலையில் இந்த விலகல் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் வரும். கூர்மை கெடாமல் தாங்கக்கூடிய விலகல் 0.1 மி.மீ. மட்டுமே. அதே குவியத் தொலைவுள்ள ஈ.டி. இரட்டை லென்ஸிலும் இந்த வளைவு கிட்டத்தட்ட இதே அளவில்தான் இருக்கும். இரண்டு மாதச் சம்பளத்தைக் கொடுத்த பிறகும் உங்கள் மூலை விண்மீன்கள் நீண்டேதான் நிற்கும். அதைச் சரிசெய்வது, கேமராவுக்கும், அதை முன்பின் நகர்த்திக் கூர்மையாக்கும் ஃபோகஸருக்கும் இடையே பொருத்தும் ஃபீல்டு ஃபிளாட்னர் என்ற சிறு லென்ஸ் தொகுதி. அதிலிருந்து சென்சார் வரை இருக்க வேண்டிய தூரம் பெரும்பாலும் 55 மி.மீ.; கேமராவை இணைக்க உதவும் டி வளையத்தின் வழியாக டி.எஸ்.எல்.ஆரைப் பொருத்தினால் அந்தத் தூரம் தானாகவே அமைந்துவிடும்.

ஆனால் ஃபிளாட்னரையும் சோதித்த பிறகே வாங்குங்கள். சோதனைக்குத் தலைக்கு மேல் உள்ள விண்மீன் ஒன்று போதும். பங்குனி, சித்திரை மாலைகளில் மகம். புரட்டாசி, ஐப்பசி மாலைகளில் திருவோணம். இரண்டும் உங்கள் ஊரில் ஏறத்தாழ உச்சிக்கு வருபவை. அடிவானத்துக்கு அருகிலுள்ள விண்மீனை வைத்து லென்ஸைக் குறை சொல்லாதீர்கள். அங்கே நிறங்களைப் பிரிப்பது காற்று.

விண்மீனைப் படத்தின் நடுவில் வைத்து, ஃபோகஸைச் சற்று உள்ளேயும் பிறகு வெளியேயும் நகர்த்திப் படம் எடுங்கள். இரண்டு பக்கமும் வட்ட வளையங்கள் தெரிந்தால் நல்லது. முக்கோணச் சாயல் தெரிந்தால், லென்ஸைப் பிடித்திருக்கும் வளையமோ திருகுகளோ அதை நெரிக்கின்றன. குழாயை அசைக்கும்போது லென்ஸ் மிக இலேசாக ஆடும் அளவுக்குத் தளர்த்துங்கள். வளையங்கள் ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தால் ஏதோ ஒன்று சாய்ந்திருக்கிறது. லென்ஸ் கூட்டைத் திருப்பும்போது அந்த ஒதுக்கமும் கூடவே திரும்பினால் குறை லென்ஸ் பக்கம்; திரும்பாமல் நின்றால் ஃபோகஸர் பக்கம். பி.வி.சி. குழாயின் வெட்டுமுனை செங்குத்தாக அமைவது அரிது என்பதால், நான் முதலில் சந்தேகிப்பது அதைத்தான். லென்ஸைக் கழற்றித் துடைத்து மாட்டியிருந்தால், முன்பின் மாறவில்லை என்பதையும் பாருங்கள். வழக்கமான அமைப்பில் கிரவுன் கண்ணாடிதான் வானத்தைப் பார்க்கும்.

அடுத்து, நடுவில் கூர்மையாக வைத்த அதே விண்மீனை நான்கு மூலைகளுக்கும் கொண்டுசெல்லுங்கள். நான்கிலும் ஒரே அளவு கெட்டால் அது பிம்ப வளைவு, அப்போதுதான் ஃபிளாட்னர் தேவை. ஒரு பக்கம் மட்டும் கெட்டால் சாய்வு. அதற்குக் குழாயின் வெட்டுமுனையைச் செங்குத்தாக்க அரமும் மூலைமட்டமும் போதும். நடு உட்பட எல்லா இடத்திலும் ஒரே திசையில் நீண்டால் தவறு மவுன்ட்டில்.

குழாயைப் பற்றி ஒரு சொல். 500 மி.மீ. அலுமினியக் குழாய், வெப்பநிலை 10 டிகிரி இறங்கினால் 0.1 மி.மீ. அளவுக்குச் சுருங்கும்; பி.வி.சி. அதைப்போல இரண்டு, மூன்று மடங்கு. மாலையில் வைத்த ஃபோகஸ் நள்ளிரவில் நிற்காது. லென்ஸுக்கு முன்னால் மாட்டினால் ஃபோகஸ் சரியா என்று காட்டும், கீற்றுகள் வெட்டிய பஹ்டினோவ் முகமூடியை அட்டையில் வெட்டி வைத்துக்கொண்டு, மணிக்கு ஒரு முறை சரிபாருங்கள்.

இனி விற்பவர்களைப் பற்றி. ‘ஈ.டி.’ என்ற இரண்டு எழுத்துகள் எந்தத் தரத்துக்கும் உறுதிமொழி அல்ல. நிறங்களைக் கண்ணாடி எவ்வளவு குறைவாகப் பிரிக்கிறது என்பதைக் காட்டும் அபே எண், சாதாரண கிரவுன் கண்ணாடிக்கு 64. ஜப்பானின் ஓஹாரா நிறுவனத்தின் எஃப்.பி.எல்.-51 கண்ணாடிக்கு ஏறத்தாழ 81, எஃப்.பி.எல்.-53க்கு 95. பின்னிரண்டுமே ஈ.டி. என்ற பெயரில்தான் விற்கப்படுகின்றன. இதில் இருப்பது எந்தக் கண்ணாடி என்று கேட்டால் பல விற்பனையாளர்கள் ‘ஜப்பான் கண்ணாடி’ என்பார்கள்; அது விடையல்ல. அதனுடன் ஜோடி சேர்க்கும் இரண்டாவது கண்ணாடி எது என்பதும் அதே அளவு முக்கியம், அதை யாரும் சொல்வதில்லை. ‘செமி அபோ’ (நிறக் குறையைப் பாதி திருத்தியது) என்பது விலையை ஏற்றுவதற்கான பெயர் மட்டுமே.

இதைவிடத் தந்திரமானது சோதனைச் சான்றிதழ். லென்ஸின் தரத்தைக் குறிக்கும், குறையற்றதற்கு 1 ஆக இருக்கும் ஸ்ட்ரெல் எண் 0.95 என்று அச்சிட்ட தாளைக் காட்டினால், எந்த நிறத்தில் அளந்தது என்று கேளுங்கள். 632.8 நானோமீட்டர் என்று இருந்தால் அது சிவப்பு லேசர். சிவப்பில் நல்ல எண் வாங்குவது எளிது. உங்கள் புகார் ஊதாவைப் பற்றியது. தாளில் உள்ள வரிசை எண் லென்ஸ் கூட்டில் பொறித்த எண்ணோடு பொருந்துகிறதா என்றும் பாருங்கள். ‘சோதித்துப் பார்த்துத் திருப்பித் தர எத்தனை நாள் அவகாசம்?’ என்று எழுத்தில் கேளுங்கள். அந்தக் கேள்விக்குப் பதில் வராவிட்டால் அதுவே பதில்.

நீங்களே வெளிநாட்டிலிருந்து வரவழைத்தாலும் நிம்மதி இல்லை. ஒரு லென்ஸுக்குச் சுங்கத்தில் என்ன பிடிப்பார்கள், எத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்று முன்கூட்டியே தெளிவாகச் சொல்ல ஆள் கிடைப்பதில்லை. அந்தக் குழப்பத்தில்தான் இடைத்தரகர்கள் வளர்கிறார்கள். காவலூரில் 1986 முதல் இயங்கும் வைணு பாப்பு தொலைநோக்கியின் 2.34 மீட்டர் ஆடியை இந்த நாட்டிலேயே தேய்த்து மெருகேற்றினார்கள். அந்த நாட்டில் 80 மி.மீ. லென்ஸ் ஒன்றை அளந்து, இது இன்னது என்று சீட்டு எழுதித்தர ஓர் ஆர்வலர் அணுகக்கூடிய இடம் இல்லை. பள்ளிகளுக்குக் குறைந்த விலைப்புள்ளியில் தொலைநோக்கி வாங்கி அலமாரியில் பூட்டிவைப்பதை மட்டும் தவறாமல் செய்கிறோம்.

உங்கள் லென்ஸை அப்படியே வைத்துக்கொண்டு ஈ.டி. லென்ஸுக்கு ஈடுகொடுக்கக்கூடிய இடம் ஒன்று உண்டு: நிலா. 500 மி.மீ. குவியத் தொலைவில் நிலாவின் பிம்பம் நான்கரை மி.மீ. அகலம்தான், அது நடுவிலேயே அடங்கிவிடுவதால் வளைவு தொந்தரவு செய்யாது. ஒரு நொடியில் சிறு பங்கே படம் பிடிப்பதால் மவுன்ட்டின் குறையும் தெரியாது. எஞ்சுவது நிறம். பச்சையில்தான் அக்ரோமேட் மிகச் சிறப்பாகச் செயல்படுகிறது. ஆகவே பச்சை வடிகட்டி போடுங்கள், அல்லது படத்தின் பச்சை அடுக்கை மட்டும் பிரித்துக் கறுப்பு வெள்ளையாக வைத்துக்கொள்ளுங்கள். ஃபோகஸையும் பச்சையிலேயே வைக்க வேண்டும். வெள்ளையில் வைத்துவிட்டுப் பச்சையைப் பிரித்தால் பாதிப் பயன் போய்விடும். அரைநிலா நாளில், ஒளியும் இருளும் சந்திக்கும் கோட்டருகே உள்ள பள்ளங்களை இப்படி எடுத்துப் பாருங்கள். முன்புறச் சூரிய வடிகட்டி இல்லாமல் சூரியன் பக்கம் மட்டும் குழாயைத் திருப்பவே கூடாது.

பணத்தைச் செலவிட்டே ஆக வேண்டுமென்றால், சோதனை வளைவைக் காட்டினால் ஃபிளாட்னர், அடுத்து மவுன்ட். மவுன்ட்டில் ஒன்றைக் கவனியுங்கள். அதன் சுழல் அச்சு துருவ விண்மீனை நோக்கி இருக்க வேண்டும்; திண்டுக்கல்லில் அந்த விண்மீன் அடிவானத்திலிருந்து பத்து டிகிரி உயரத்தில்தான் இருக்கிறது. உயர்ந்த அட்சரேகைகளுக்காகச் செய்த மவுன்ட்கள் சில அவ்வளவு கீழே இறங்குவதில்லை. இறங்கினாலும் எதிர் எடைத் தண்டு ட்ரைபாடின் காலில் இடிக்கும். வாங்கும் முன், குறைந்தபட்ச அட்சரேகை எத்தனை டிகிரி என்று விவரத்தாளில் பாருங்கள். அது 15 என்று இருந்தால் ட்ரைபாடின் வடக்குக் காலைக் குட்டையாக்கிச் சமாளிக்கலாம். 25, 30 என்று இருந்தால் அந்த மவுன்ட் உங்கள் ஊருக்கு ஆகாது.