ஐஸ் இரண்டாம் நாளே கரைந்துபோகிறதா? புது பாக்ஸ் வாங்கும் முன் இதைப் படியுங்கள்

டர்பன், சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். டிசம்பர் விடுமுறைக்குக் குடும்பத்தோடு சொட்வானா பே கடற்கரைக்குப் போய் நான்கு இரவு கூடாரத்தில் தங்கப் போகிறார்களாம். போன வருடம் இரண்டாம் நாள் மத்தியானமே கூலர் பாக்ஸில் இருந்த ஐஸ் எல்லாம் தண்ணீராகி, பிராய்க்கு, அதாவது வெளியில் நெருப்பில் சுட்டுச் சாப்பிட, வைத்திருந்த கோழியைத் தூக்கிப்போட வேண்டியதாகிவிட்டது. பெரிய பாக்ஸாக வாங்கலாமா, இல்லை காரில் செருகுகிற ஃபிரிட்ஜ் வாங்கலாமா என்பது அவர் கேள்வி.

இப்போதைக்கு இரண்டும் வேண்டாம், அக்கா. இருக்கிற பாக்ஸை நிரப்பும் விதத்தை மாற்றினாலே உங்கள் நான்கு நாளில் பெரும்பகுதியைச் சமாளித்துவிடலாம். கூலர் பாக்ஸ் தானாக எதையும் குளிர்விப்பதில்லை, உள்ளே நாம் வைத்த குளிரைப் பிடித்து வைக்கிறது, அவ்வளவுதான். அதனால் உள்ளே சூடான சாமானை வைத்தால் ஐஸ் முதலில் அந்தச் சூட்டோடுதான் மல்லுக்கட்டும். ஒரு கிலோ ஐஸ் உருகும்போது 334 கிலோஜூல் வெப்பத்தை வாங்கிக்கொள்ளும். கடையிலிருந்து நேராக வரும் 330 மில்லி கேன்கள் 24, அதாவது கிட்டத்தட்ட 8 லிட்டர், 30 டிகிரியிலிருந்து 4 டிகிரிக்கு வர வேண்டுமென்றால் அதற்கு மட்டும் இரண்டரை கிலோவுக்கு மேல் ஐஸ் போய்விடும். வெளி வெயில் இன்னும் உள்ளே எட்டிக்கூடப் பார்த்திருக்காது! குளிர்பானம், தண்ணீர், பால், தயிர் எல்லாவற்றையும் முந்தின நாளே வீட்டு ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். பாக்ஸும் சூடாகத்தான் இருக்கும், வெயில் படும் கராஜிலோ ஸ்டோரிலோ கிடந்திருந்தால் இன்னும் மோசம். புறப்படும் முந்தின இரவு கொஞ்சம் ஐஸைப் போட்டு மூடி வையுங்கள், காலையில் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு அடுக்குங்கள்.

அப்புறம், எந்த ஐஸ். பெட்ரோல் கராஜில் பையில் விற்கும் கட்டிகள் சின்னவை, காற்றும் தண்ணீரும் எல்லாப் பக்கமும் படுவதால் சீக்கிரம் கரையும். லோட் ஷெடிங் என்று மின்சாரம் நிறுத்தப்பட்ட நாட்களில் ஃப்ரீசரில் தண்ணீர் பாட்டில் உறைய வைத்த பழக்கம் உங்கள் வீட்டில் இருந்திருக்குமே, அதேதான் இங்கேயும். இரண்டு லிட்டர் பாட்டில்களில், மேலே ஒரு சாண் இல்லாவிட்டாலும் நாலு விரல் இடமாவது விட்டுத் தண்ணீர் ஊற்றுங்கள், உறையும்போது தண்ணீர் ஏறக்குறைய 9 சதவீதம் விரியும். புறப்பட மூன்று நாள் இருக்கும்போதே தொடங்கி, ஒரு நாளைக்கு இரண்டு மூன்று பாட்டிலாக வையுங்கள். ஒரேயடியாகத் திணித்தால் ஃப்ரீசரே திணறும். வீட்டு ஃப்ரீசர் ஐஸ் மைனஸ் 18 டிகிரியில் இருப்பதால் உருகத் தொடங்கவே நேரம் எடுக்கும், உருகினால் குடிக்கவும் ஆகும்.

இறைச்சியும் ஐஸ்தான். மசாலா தடவிய கோழி, ஆட்டுக்கறி எல்லாவற்றையும் பையில் தட்டையாகப் பரப்பி உறைய வைத்து எடுத்துப் போங்கள். நான்காம் நாளுக்கானது அடியில், முதல் இரவுக்கானது மேலே. பச்சைக் கோழிக்கு இரண்டு பை போடுங்கள், அதன் நீர் சாலட்டில் சொட்டக்கூடாது.

இதையெல்லாம்விட முக்கியமாக நான் சொல்ல நினைப்பது, குடிக்கிறதற்கு ஒரு பாக்ஸ், இறைச்சிக்கு ஒரு பாக்ஸ் என்று பிரித்துவிடுங்கள். பிள்ளைகள் நாள் முழுக்கக் கேனுக்காகத் திறந்து மூடிக்கொண்டே இருப்பார்கள், அந்தச் சூட்டைக் கோழி ஏன் தாங்க வேண்டும்? பானத்துக்கு மலிவான பழைய பாக்ஸே போதும், அதில் கரைந்த தண்ணீரையும் கொட்டாதீர்கள், ஐஸ் மிதக்கும்வரை அந்தத் தண்ணீர் கேனை நன்றாகவே குளிர்விக்கும். இறைச்சி பாக்ஸில் மட்டும் தண்ணீரை வடித்துவிடுங்கள். சமைக்கும்போது மட்டும் அந்தப் பாக்ஸைத் திறவுங்கள், காலியாகும் இடத்தில் துண்டையோ செய்தித்தாளையோ அடைத்து வையுங்கள்.

டிசம்பரில் அங்கே உச்சிவெயில் ஏறக்குறைய தலைக்கு நேர் மேலே. காலையில் நிழலாக இருந்த இடம் மத்தியானம் இருக்காது. பாக்ஸைச் சுடுமணலில் வைக்காமல் பலகை மேல் ஏற்றி, மரநிழலில் வையுங்கள், நிழல் நகர்ந்தால் அதையும் நகர்த்துங்கள். மூடிய காருக்குள் விடவே கூடாது. ஈரச்சாக்கு போர்த்துவது கரூ, கலஹாரி போன்ற பாலைப் பகுதிகளில் அருமையாக வேலை செய்யும், ஏனென்றால் அங்கே காற்று வறண்டது, ஈரம் ஆவியாகி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். நம் குவாசுலு நட்டால் கடற்கரையின் புழுக்கத்தில் அதனால் பெரிய பயன் இல்லை.

கார் ஃபிரிட்ஜ் பற்றி. சிகரெட் லைட்டரில் செருகும் மலிவான வகை வெளிச்சூட்டைவிடச் சுமார் 20 டிகிரிதான் குறைக்கும். வெளியே 34 என்றால் உள்ளே 14, இறைச்சிக்கு அது ஆபத்து. கம்ப்ரசர் வைத்தது உண்மையான ஃபிரிட்ஜ், ஆனால் விலை அதிகம், தனி பேட்டரியும் வேண்டும். கார் பேட்டரியிலேயே ஓடவிட்டால் திரும்பும் நாளில் வண்டி ஸ்டார்ட் ஆகாமல் போகலாம். வருடத்துக்கு ஒரு முறை போகிறவருக்கு அவ்வளவு செலவு தேவையில்லை என்பது என் கருத்து. முகாம் இடம் பதிவு செய்யும்போது மின் இணைப்புள்ள இடம் உண்டா என்று கேட்டுவிடுங்கள்.

ஒரு சின்ன ஃபிரிட்ஜ் தெர்மாமீட்டர் மட்டும் கட்டாயம் வாங்குங்கள். இறைச்சி பாக்ஸில் 5 டிகிரிக்குள் இருந்தால் நிம்மதி. அதற்கு மேல் ஏறத் தொடங்கினால் இருப்பதையெல்லாம் அப்போதே சமைத்துச் சாப்பிட்டுவிடுங்கள், இரண்டு மணி நேரத்துக்கு மேல் சூட்டில் கிடந்ததென்றால் தூக்கிப்போட்டுவிடுங்கள். 32 டிகிரிக்கு மேல் வெயில் என்றால் ஒரு மணி நேரம்தான் கணக்கு. வாசனை நன்றாக இருக்கிறதே என்று நம்பாதீர்கள். மிஞ்சிய சாதத்துக்கும் இதே விதி, அதில் வளரும் ஒருவகைக் கிருமியின் நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. உங்கள் வீட்டுக்காரர் சூரையோ கானாங்கெளுத்தியோ பிடித்து வந்தால் உடனே குடலை எடுத்து ஐஸில் புதையுங்கள். வெயிலில் கிடந்தால் அந்த மீன்களில் ஹிஸ்டமின் உருவாகும், எவ்வளவு வறுத்தாலும் அது அழியாது.

பாதிச் சாப்பாட்டுக்கு ஐஸே தேவைப்படாதபடி திட்டம் போடுவது இன்னும் நல்லது. ஊறுகாய், ரொட்டி, பில்டாங் என்ற உலர்ந்த இறைச்சி, திறக்காத லாங் லைஃப் பால், பீன்ஸ் டின், உருளைக்கிழங்கு எல்லாம் வெளியிலேயே இருக்கும். மூன்றாம் நாள் காலை யாராவது பக்கத்து ஊரான ம்பாஸ்வானா போய் ஐஸ் வாங்கி வந்தால், கடைசி இரவு பிராய்க்கும் கவலை இல்லை.

இன்னொன்று, பாக்ஸ் மூடியை ஒரு பட்டைக் கயிற்றால் இறுக்கிக் கட்டிவிட்டுக் கடலுக்குப் போங்கள். அங்கே குரங்குகள் அதிகம், சும்மா மூடிய மூடியைத் திறக்க அவற்றுக்குத் தெரியும்.